தேக்கா சுவரோவியங்கள்: லாரி வருவதற்கு முன்னால் போய்விடுங்கள்

சிங்கப்பூரில் சுவரோவியம் எங்கே பார்க்கலாம் என்று கேட்டால் எல்லாரும் ஹாஜி லேனைத்தான் கைகாட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா வட்டாரம், நேரம் மிச்சமிருந்தால் ஹாஜி லேன். மீனுக்கும் மல்லிகைக்கும் வாராவாரம் தேக்கா போகிற நம் ஆட்களே அந்தச் சந்துகளுக்குள் நுழைவதில்லை, அதுதான் வேடிக்கை. 2015இல் லாசால் கலைக் கல்லூரியும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகமும் சேர்ந்து தொடங்கிய 'ஆர்ட்வாக் லிட்டில் இந்தியா' என்ற தெருக்கலைத் திட்டம் வழியாக வந்தவைதான் இங்கே உள்ள ஓவியங்களில் பல. டிக்கெட் கிடையாது, நேரக் கட்டுப்பாடும் கிடையாது.

கெர்பாவ் ரோட்டில் ஆரம்பியுங்கள். அங்கே நிற்கிற தான் டெங் நியா வீட்டின் கலர் கலரான ஜன்னல்களைப் படம் எடுத்துக்கொண்டு, சுவரோவியம் பார்த்தாச்சு என்று திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. அது ஓவியமே இல்லை, 1900இல் ஒரு சீன வியாபாரி கட்டிய வீடு. இந்த வட்டாரத்தில் மிஞ்சியிருக்கிற சீன மாளிகை அது ஒன்றுதான், இந்த வண்ணங்களெல்லாம் பிற்பாடு அடித்தவை. பக்கத்துத் தெருக்களில் மாடு வரைந்த சுவர்களைப் பார்க்கும்போது, நம்ம ஊர் என்றாலே மாடுதானா என்று எனக்கும் சுருக்கென்றது. ஆனால் இங்கே மாட்டு வியாபாரம் நிஜமாகவே கொடிகட்டிப் பறந்திருக்கிறது. பெலிலியோஸ் ரோட்டுக்குப் பெயர் வந்ததே கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு மாட்டு வியாபாரியால்தான். அது தெரிந்து பார்த்தால் படம் வேறு மாதிரி இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது பெலிலியோஸ் லேனில் சைஃபூல் என்ற ஓவியர் வரைந்த பழைய தொழில்கள் பற்றிய பெரிய சுவர். கிளி ஜோசியம், சலவை, பூக்கட்டுதல் என்று தேக்காவில் தேய்ந்துபோன, தேய்ந்துகொண்டிருக்கிற பிழைப்புகள். கிளி ஜோசியம் என்றதும் மணி ஞாபகம் வராமல் இருக்குமா? 2010 உலகக் கிண்ணக் கால்பந்தில் கால் இறுதி ஆட்டங்கள் அத்தனையையும் சரியாகச் சொல்லி உலகச் செய்தியில் வந்த நம் தேக்காக் கிளி! இறுதி ஆட்டத்துக்கு நெதர்லாந்து என்று சீட்டை எடுத்துக் கொடுத்து மானத்தை வாங்கிவிட்டது, அது வேறு கதை.

கிட்டப் போய்ப் பாருங்கள். வெயிலும் மழையும் பட்ட இடத்தில் சாயம் செதில் செதிலாக உரிந்திருக்கும், குழாய்க்குக் கீழே பச்சை பிடித்திருக்கும், பக்கத்துச் சமையலறைக் காற்றாடியிலிருந்து தாளிப்பு வாசனை முகத்தில் அடிக்கும். எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. உண்மையான குறை லாரிகள்தான். பத்து மணி தாண்டினால் சரக்கு வண்டிகள் வந்து ஓவியத்தின் கீழ்ப்பாதியை மறைத்துவிடும், வெங்காய மூட்டையோடு வருகிறவர் "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வண்டி வருது" என்பார், நியாயம்தான், அவர் வேலை செய்கிற இடத்தில் நாம்தானே குறுக்கே நிற்கிறோம். அதனால் வார நாளில் காலை எட்டு மணி வாக்கில் போங்கள். ஞாயிறு மாலை வேண்டவே வேண்டாம். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கிடைப்பதே அந்த ஒரு நாள், அவர்கள் நண்பர்களோடு நின்று பேசுகிற இடத்தில் கேமராவை நீட்டாதீர்கள்.

வழிகாட்டி வேண்டுமா? ஒரு நிறுவனத்துக்குக் காசு கொடுத்துப் போனேன், படத்தைவிட அந்த ஆளின் ஒலிபெருக்கிதான் ஞாபகத்தில் நிற்கிறது. தேவையில்லை.

எல்லாமே கொஞ்சம் சமர்த்துப் பிள்ளை ஓவியங்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியில்லாமல் சுவரில் கிறுக்கினால் பிரம்படி வரை போகும் ஊரில் வேறெப்படி இருக்கும்? அதிகாரத்தைச் சீண்டுகிற கலை தேடி வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

ஹாஜி லேன் இங்கிருந்து இருபது நிமிட நடை. கண்ணுக்கு விருந்து, செல்ஃபிக்கு வரிசை, அவ்வளவே. அந்த இடத்தைப் பற்றி அந்தச் சுவர்கள் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. அதைவிடப் பக்கத்திலேயே இருக்கிற ஆலிவால் கலை மையம் மேல். பழைய பள்ளிக்கூடக் கட்டடம், உள்ளே கலைக்குழுக்களின் ஸ்டூடியோக்கள். ஆனால் சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை போய் எட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், ஒத்திகையும் வகுப்பும் நடக்கிற இடம், கதவுகள் மூடித்தான் இருக்கும். நிகழ்ச்சி நாள் பார்த்துப் போனால்தான் உள்ளே நடமாட முடியும். தேக்கா பக்கமே வேண்டுமென்றால் மெக்நாலி ஸ்திரீட்டில் லாசால் மாணவர்களின் பட்டமளிப்புக் காட்சி ஆண்டுதோறும் நடக்கிறது, யார் வேண்டுமானாலும் போகலாம். படைத்த பிள்ளைகளே பக்கத்தில் நின்றால் தயங்காமல் பேச்சுக் கொடுங்கள், ஆசையாகச் சொல்வார்கள்.