கடலோர மனை வாங்குகிறவர்களுக்கு: பட்டாவும் வில்லங்கச் சான்றும் போதாது

மாமல்லபுரத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடல் பக்கத்தில் மனை பார்த்துக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அங்கே ஒரு மனைப்பிரிவில் நானும் என் தம்பியும் சேர்ந்து இடம் வாங்கினோம். தம்பி மஸ்கட்டில் வெயிலில் நின்று சேர்த்த பணம் பாதி, என் ஓய்வூதியப் பணம் பாதி. இன்று அந்த இடத்தில் ஒரு செங்கல் வைக்க முடியாது. எங்கள் வரிசையில் மனை வாங்கிய எல்லோருக்கும் இதே கதி. வழக்கு நடப்பதால் விற்ற நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் பயன் குறைவுதான். அவர்கள் வேறு பெயருக்கு மாறி, அடுத்த ஊரில் பலகை வைத்துவிட்டார்கள்.

"பத்திரங்களைச் சரியாகப் பார்க்காமல் வாங்கியிருப்பார்கள்" என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பத்திரங்களில் குறையே இல்லை. தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் எல்லாவற்றையும் ஒரு வழக்கறிஞர் பார்த்துக் கருத்துரை எழுதித் தந்த பிறகே பணம் கொடுத்தோம். நிலம் இன்றும் எங்கள் பெயரில்தான் இருக்கிறது. யாரும் உரிமை கோரவில்லை. ஆனால் இந்த ஆவணங்களில் ஒன்றுகூடக் கடலைப் பற்றிப் பேசாது. நிலம் யாருடையது என்பதற்குப் பட்டா சான்று. அங்கே வீடு கட்டலாமா என்பதற்கு அது சான்று ஆகாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதியும்போதும், அந்தப் புல எண் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தின் எந்தப் பிரிவில் விழுகிறது என்று யாரும் பார்த்துச் சொல்வதில்லை. விற்கிறவர்கள் பிழைப்பது இந்த இடைவெளியில்தான்.

மத்திய அரசு 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. 2011-இலும் 2019-இலும் அதைத் திருத்தி எழுதினார்கள். கடல்நீர் ஓதத்தில் (அலையேற்றத்தில்) ஏறும் உயர்ந்த எல்லையான 'உயர் ஓதக் கோட்டிலிருந்து' நிலத்தை நோக்கி 500 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. ஊரகக் கடற்கரையில், அந்தக் கோட்டிலிருந்து முதல் 200 மீட்டர் 'வளர்ச்சியற்ற பகுதி'. எங்களைப் போல வெளியிலிருந்து வந்து வாங்குகிறவர்கள் புதிய வீடு கட்ட அங்கே அனுமதி கிடையாது. முன்பே அனுமதி பெற்றுக் கட்டிய வீட்டைப் பழுதுபார்க்கலாம், அவ்வளவுதான். 200-க்கும் 500-க்கும் இடையில் கட்டலாம், ஆனால் 2011 அறிவிக்கையின்படி உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது, தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டுமே. அதுவும் பழைய குடியிருப்புகளின் வழக்கமான உரிமைகளுக்கு உட்பட்டது. வார இறுதி பங்களாவுக்காக எழுதிய சலுகை அல்ல அது.

ஆக, எல்லாக் கணக்கும் ஒரு கோட்டிலிருந்து தொடங்குகிறது. எங்களை ஏமாற்றியதும் அந்தக் கோட்டை வைத்துத்தான்.

நிறுவனம் எங்களுக்கு ஒரு வரைபடம் கொடுத்தது. வண்ணத்தில் அச்சிட்டது, கீழே ஒரு தனியார் பொறியாளரின் முத்திரை. அதில் உயர் ஓதக் கோடு என்று நீல நிறத்தில் ஒரு கோடு. அங்கிருந்து அளந்தால் எங்கள் மனை 200 மீட்டருக்கு வெளியே வசதியாக விழுந்தது. இடத்துக்கு அழைத்துப் போனவர் நாடாவைப் பிடித்து எங்கள் கண்முன்னே அளந்தும் காட்டினார். அலை வந்து திரும்பும் ஈர மணலில் ஒரு முனை, மனையின் கல்லில் மறுமுனை. பார்க்கிறவருக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

உயர் ஓதக் கோடு என்பது அன்றைக்கு அலை தொடுகிற இடம் அல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பேரோதத்தின்போது நீர் நிலத்துக்குள் ஏறுகிற மிக உயர்ந்த இடம் எதுவோ, அதுதான் அந்தக் கோடு. அதைக் குறிக்க மத்திய அரசு அங்கீகரித்த அமைப்புகள் இருக்கின்றன. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று. அவர்களைத் தவிர வேறு எந்தப் பொறியாளரின் முத்திரைக்கும் இந்த விஷயத்தில் மதிப்பு இல்லை. எங்களை அழைத்துப் போனது மணல் அகலமாகக் கிடந்த அமைதியான மாதத்தில். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதே கரையைப் பார்த்தால் அந்த ஈர மணல் இருந்த இடமே தெரியாது.

வீட்டு வரைபட அனுமதிக்கு விண்ணப்பித்தபோது நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் முதல் கேள்வியே இதுதான். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் எங்கள் புல எண்ணைப் பொருத்திப் பார்த்ததும், கோடு நிறுவனம் காட்டிய இடத்திலிருந்து வெகுவாக உள்ளே தள்ளியிருந்தது. மனை முழுவதும் வளர்ச்சியற்ற பகுதிக்குள். விண்ணப்பம் திரும்பி வந்தது.

நிறுவனத்தின் விற்பனையாளரிடம் கேட்டபோது, "அம்மா, 2019-இல் சட்டம் மாறிவிட்டது, இப்போது 50 மீட்டர்தான்" என்றார். இந்தப் பதிலை இன்று விற்பனைக்கு நிற்கிற எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். பாதி உண்மையைப் போல ஆபத்தானது எதுவும் இல்லை. 50 மீட்டர் என்பது 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளுக்கு மட்டும். மற்ற ஊர்களுக்கு அதே 200 மீட்டர்தான். அதோடு, எந்த இடம் எந்தப் பிரிவில் வருகிறது என்று காட்டும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தை 2019 அறிவிக்கையின்படி திருத்தி ஒப்புதல் பெறும் வரை, பழைய 2011 விதிகளே செல்லும் என்று அந்த அறிவிக்கையே சொல்கிறது. எனவே "50 மீட்டர்" என்று யாராவது சொன்னால், எந்த ஊருக்கு, எந்த வரைபடத்தின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. அந்தப் பகுதியில் நிலத்துக்குக் கிழக்கே கடல், மேற்கே பல இடங்களில் பக்கிங்காம் கால்வாயும் கழிமுகங்களும். ஓதநீர் ஏறி இறங்கும் நீர்நிலைகளின் கரைக்கும் இந்த ஒழுங்குமுறை பொருந்தும். 2011 விதியில் 100 மீட்டர் அல்லது அந்த நீர்நிலையின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. கோடையின் வறட்சியில் ஆயிரத்தில் 5 பங்கு உப்பு எதுவரை இருக்கிறதோ, அதுவரை ஓதத்தின் எல்லை என்று கணக்கு. எங்கள் மனைப்பிரிவில் கடலிலிருந்து தள்ளி வாங்கியதாக நிம்மதியாக இருந்த பின்வரிசைக்காரர்கள் சிலர் இந்தப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட மனைப்பிரிவு வரைபடத்தையும் காட்டினார்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. இதன் கடைசி விளைவைக் கேரளத்தில் நாடே பார்த்தது. கொச்சியை அடுத்த மரடில் உள்ளாட்சி கொடுத்த கட்டட அனுமதியை நம்பி மக்கள் அடுக்குமாடி வீடுகள் வாங்கினார்கள். மாநிலக் கடலோர மேலாண்மை ஆணையத்தின் ஒப்புதல் அந்தக் கட்டடங்களுக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு குடியிருப்புகளையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் திருடர்கள் இல்லை. வங்கிக் கடன் வாங்கி, வரி கட்டி வாழ்ந்தவர்கள். அனுமதி இல்லாவிட்டாலும் கட்டிவிடலாம், பிறகு யார் இடிக்கப்போகிறார்கள் என்று எங்களுக்கு அறிவுரை சொன்ன விற்பனையாளரிடம் நான் இதைத்தான் சொன்னேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

சரி, நிறுவனத்தைப் பிடிக்கலாம் என்று பார்த்தால், எங்கள் கிரயப் பத்திரத்தில் அந்த நிறுவனமே இல்லை. நில உரிமையாளரிடம் பொது அதிகாரப் பத்திரம் வாங்கிய ஒரு தனிநபர் கையெழுத்திட்டிருக்கிறார். விளம்பரம், வரைபடம், அலுவலகம், இடத்துக்கு அழைத்துப் போன கார் எல்லாம் நிறுவனத்தினுடையவை. பத்திரத்தில் மட்டும் அவர்கள் கிடையாது. "நாங்கள் விற்றுக் கொடுத்தவர்கள் மட்டுமே" என்று இப்போது கைகழுவுகிறார்கள். மனைப்பிரிவையும் எட்டெட்டு மனைகளாகத் துண்டுபோட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருந்தார்கள். 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தில் எட்டு அலகுக்கு உட்பட்ட திட்டத்துக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு என்பதால் இந்த ஏற்பாடு. எல்லாக் கட்டங்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று அதே சட்டம் சொல்வதை அவர்கள் சொல்லவில்லை. எங்களுக்கு இருக்கும் ஒரே பிடி, மேம்பாட்டுக் கட்டணம் என்று நிறுவனத்தின் கணக்குக்கு வங்கி வழியாக நாங்கள் அனுப்பிய தொகை. அந்த ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்தவர்களின் நிலை எங்களைவிட மோசம்.

பணத்தைவிட என்னை அதிகம் வருத்துவது அந்த மணல்மேடு. கடலுக்கும் மனைகளுக்கும் இடையே அடும்புக்கொடியும் இராவணன்மீசைப் புல்லும் தாழையும் மூடிய ஒரு மேடு இருந்தது. 'கடல் நேராகத் தெரிய வேண்டும்' என்று ஜேசிபி வைத்து அதை வழித்துவிட்டார்கள். மணல்மேட்டைச் சமன்படுத்துவது கடலோர அறிவிக்கையில் தடைசெய்யப்பட்ட செயல். புயல் அலையை முதலில் தாங்குவதும், மழைநீரைப் பிடித்து வைத்து நிலத்தடியில் உப்பு ஏறாமல் காப்பதும் அந்த மேடுதான். வழித்த பிறகு மனைப்பிரிவில் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. அந்தக் கிணறே விதிமீறல்தான் என்பது பிறகு தெரிந்தது. அந்த 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பது அங்கே வாழும் உள்ளூர் மக்களின் தேவைக்கு மட்டும். அதற்கு அப்பால் 500 மீட்டர் வரையிலும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் இறைக்கவே அனுமதி.

'தனிக் கடற்கரை' என்று விளம்பரத்தில் போட்டதும் பொய். நிறுவனம் வேலி போட்ட அந்தக் கரை, பக்கத்துக் குப்பத்து மீனவர்கள் படகு ஏற்றிவைத்து, வலை உலர்த்தி, கரைவலை இழுக்கும் பொது இடம். அவர்கள் வேலியைப் பிரித்தபோது, "ஊர்க்காரர்கள் ரௌடித்தனம் செய்கிறார்கள், எல்லோரும் சேர்ந்து போலீஸில் புகார் கொடுங்கள்" என்று எங்களை ஏவிவிடப் பார்த்தார்கள். எங்களில் சிலர் கொடுக்கவும் செய்தார்கள். நான் குப்பத்துக்குப் போய்ப் பேசினேன். மேட்டை வழிக்கும்போதே தடுக்க வந்ததாகவும், "சென்னைக்காரர்கள் பணம் கொடுத்துவிட்டார்கள், அவர்களிடம் போய்க் கேளுங்கள்" என்று நிறுவனத்து ஆட்கள் விரட்டியதாகவும் ஒரு மூத்த அம்மா சொன்னார். எங்களுக்குத் தெரியாமலேயே எங்கள் பெயரைச் சொல்லி அவர்களை மிரட்டியிருக்கிறார்கள். ஓதம் எதுவரை ஏறும், 2011 டிசம்பரில் தானே புயலின்போது நீர் எங்கே நின்றது என்று அந்த அம்மா கையை நீட்டிக் காட்டினார். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் கோட்டுக்கு அது மிக அருகில் இருந்தது. கடலோரத்தில் இடம் பார்க்கப் போகிறவர்கள் தரகரோடு மட்டும் போய்த் திரும்பாதீர்கள். குப்பத்தில் வயதானவர்களிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள்.

அப்படியே கரையைத் தெற்கே பார்த்து நடந்து, கடலுக்குள் நீட்டிய கல்தடுப்போ துறைமுகச் சுவரோ இருக்கிறதா என்றும் கவனியுங்கள். நம் கிழக்குக் கரையில் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. தடுப்பின் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகம் கட்டிய பிறகு அதன் வடக்கே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடிப் பக்கம் கரை எப்படிக் காணாமல் போனது என்பதை அந்த ஊர் மக்கள் சொல்வார்கள். பட்டாவில் சென்ட் கணக்கு அப்படியே இருக்கும், நிலம்தான் குறைந்துகொண்டே வரும்.

நாங்கள் இப்போது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். விளம்பரத்தில் பொய் சொல்லி விற்றால் வட்டியோடு பணத்தைத் திருப்பக் கேட்க அந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு இடம் தருகிறது. மணல்மேட்டைப் பற்றி மாவட்டக் கடலோர மேலாண்மை ஆணையத்துக்குக் குப்பத்து மக்களோடு சேர்ந்து மனு கொடுத்தோம். காவல் துறையில் இது சிவில் வழக்கு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முன்பணம் கொடுத்துவிட்டு இன்னும் பத்திரம் பதியாதவர்கள், புல எண், உட்பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, அந்த இடம் எந்த மண்டலப் பிரிவில் வருகிறது என்று மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பதில் வரும் வரை பதிவைத் தள்ளிவையுங்கள். 'இந்த வாரம் பதிந்தால் விலைக் குறைப்பு' என்று அவசரப்படுத்துவார்கள், எங்களையும் அப்படித்தான் அவசரப்படுத்தினார்கள். எங்கள் மனைப்பிரிவை ஒட்டி வடக்கே புதிய பெயரில் 'இரண்டாம் கட்டம்' விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதே நீல வரைபடம், அதே பொறியாளர் முத்திரை. அந்த வரைபடத்தை உங்களிடம் யாராவது நீட்டினால், எங்கள் மனைகளின் புல எண்களையும் திரும்பி வந்த விண்ணப்பத்தின் நகலையும் தர நாங்கள் தயார்.