மூத்த மாணவர் நடத்தும் மது வகுப்பு: ஒரு பள்ளித் திட்டத்தின் மதிப்பீடு

மதுவைப் பற்றிப் பள்ளிகளில் பேசுவதற்கென்று நெடுங்காலமாக ஒரே முறைதான் இருந்து வருகிறது. வெளியிலிருந்து ஒரு மருத்துவரோ காவல்துறை அதிகாரியோ வருவார். சுருங்கிப்போன கல்லீரலின் படம் திரையில் காட்டப்படும். எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுப்பார்கள். மறுநாள் வழக்கமான பாடங்கள் தொடங்கிவிடும். இதற்கு மாற்றாக, 16, 17 வயது மாணவர்களைப் பயிற்றுவித்து அவர்களைக் கொண்டே 13, 14 வயதினருக்கு வகுப்பெடுக்கச் செய்யும் திட்டம் ஒன்றை ஒரு தன்னார்வ அமைப்பு பள்ளிகளுக்கு வழங்கி வருகிறது. அது நடந்த பள்ளியில், பொறுப்பாசிரியராகக் கடைசி வரிசையில் அமர்ந்து கவனித்தவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வகுப்பறைக்குள் நடப்பதைப் பொறுத்தவரை நான் பார்த்த மதுக் கல்வி முறைகளில் இதுவே சிறந்தது; வகுப்பு முடிந்தபின் அந்த மூத்த மாணவர்களுக்குத் தரப்படும் துணையைப் பொறுத்தவரை பாதி வேலைகூட முடியவில்லை.

திட்டத்தின் அமைப்பு எளிமையானது. மூத்த மாணவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. அதன்பின் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மாணவனும் ஒரு மாணவியுமாக இருவர் சேர்ந்து நடத்தும் ஆறு வகுப்புகள். ஆசிரியர் அறையில் இருக்கலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. இந்த விதியைக் காப்பாற்றுவது ஆசிரியர்களுக்கு எவ்வளவு கடினம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆறு வகுப்புகளில் என் மனத்தில் நிற்பது இரண்டாவது. ஒவ்வொருவருக்கும் ஒரு அச்சிட்ட சீட்டு தரப்படுகிறது. கடந்த ஒரு மாதத்தில் மது அருந்தினாயா என்பது முதல் கேள்வி; இந்த வகுப்பில் பத்துப் பேரை எடுத்துக்கொண்டால் அவர்களில் எத்தனை பேர் அருந்தியிருப்பார்கள் என்று நினைக்கிறாய் என்பது இரண்டாவது. கையெழுத்தை வைத்து யாரும் யாரையும் கண்டுபிடித்துவிடாதபடி, எல்லோரும் ஒரே நிறப் பேனாவால் கட்டத்தில் குறியிட்டால் போதும். சீட்டுகளை எண்ணி, இரண்டு விடைகளையும் பலகையில் அடுத்தடுத்து எழுதும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். ஏனெனில் 'எல்லாரும் குடிக்கிறார்கள்' என்று வகுப்பு நம்பிய அளவுக்கும், உண்மையில் குடித்தவர்களின் அளவுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும். இதன் பின்னணியில் உறுதியான ஆராய்ச்சி உண்டு. அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் மாணவர்களிடையே பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் ஆகிய இருவரும் நடத்தி 1986-இல் வெளியிட்ட ஆய்வு, சக மாணவர்கள் குடியை எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை மாணவர்கள் உள்ளதைவிட மிகைப்படுத்தியே எண்ணுகிறார்கள் என்று காட்டியது. குடிப்பதால் வரும் கேட்டைப் பற்றி அறியாததைவிட, குடிக்காவிட்டால் தான் மட்டும் தனித்துப் போய்விடுவோம் என்ற தவறான கணக்குதான் பலரை முதல் கோப்பையை நோக்கித் தள்ளுகிறது. அந்தக் கணக்கைத் திருத்த ஒரு ஆசிரியர் முயன்றால், அவர் நல்லெண்ணத்தில் பொய் சொல்கிறார் என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். தங்கள் கையாலேயே குறியிட்ட சீட்டுகளை தங்களைவிட இரண்டு மூன்று வயதே மூத்த மாணவி எண்ணிக் காட்டும்போது அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போகிறது. குடித்தவர்களின் எண்ணிக்கை உண்மையிலேயே அதிகமாக இருக்கும் வகுப்பில் இதே பயிற்சி எதிர்விளைவைத் தரக்கூடும் என்பதையும் அமைப்பினர் உணர்ந்திருக்கிறார்கள்; பலகையில் எழுதுவதற்கு முன் பள்ளி ஆலோசகரிடம் எண்ணிக்கையைக் காட்டிவிட வேண்டும் என்று கையேடு கூறுகிறது.

அடுத்த வகுப்பில் வண்ணம் கலந்த தண்ணீரையும் வெவ்வேறு வடிவக் கண்ணாடிக் கோப்பைகளையும் மேசையில் வைத்து, 'ஒரு அளவு' என்றால் எவ்வளவு என்று ஊற்றிக் காட்டச் சொல்கிறார்கள். அகன்ற கோப்பை கிடைத்தவர்கள் அனைவரும் தாராளமாகவே ஊற்றினார்கள். பிறகு கணக்கு தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 10 கிராம் தூய ஆல்கஹாலை ஒரு அளவாகக் கொள்கிறது. 40 விழுக்காடு ஆல்கஹால் உள்ள விஸ்கி 30 மில்லி லிட்டரில் ஏறத்தாழ 9.5 கிராம் இருக்கிறது. 5 விழுக்காடு உள்ள பீர் 500 மில்லி லிட்டரில் கிட்டத்தட்ட 20 கிராம் இருக்கிறது. 'பீர்தானே, அதில் என்ன இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்த பையன், தன் கணக்குப்பொறியில் மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொண்டான். ஒரு மணி நேரத்தில் கல்லீரலால் சுமார் ஒரு அளவைத்தான் சிதைக்க முடியும் என்பதும், கடுங்காப்பியோ குளிர்ந்த நீரோ அந்த வேகத்தைக் கூட்டாது என்பதும் இதே வகுப்பில் வருகின்றன. அச்சுறுத்தும் படம் ஒன்றுகூட இல்லாமல் இவ்வளவையும் கற்பிக்க முடிகிறது என்பது எனக்கு வியப்பாகவே இருந்தது.

மறுத்துச் சொல்லும் பயிற்சிக்கான நாடக வகுப்பைப் பற்றி எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இருக்கவில்லை. இத்தகைய காட்சிகள் பொதுவாகச் செயற்கையாக அமைந்துவிடும். இங்கே வசனத்தை மாணவர்களே எழுதுவதால் அது தப்பித்தது. வற்புறுத்தும் நண்பனாக நடித்த மூத்த மாணவன், "ஒரு வாய்தான, யாருக்குத் தெரியப்போவுது?" என்று தோளில் கை போட்டபடி விடாமல் கேட்டுக்கொண்டிருக்க, எதிரே நின்ற சிறுமி, "வேணாம்னு சொன்னது உனக்குக் கேக்கலையா, இல்ல நான் குடிச்சாத்தான் உனக்குத் தைரியம் வருமா?" என்று திருப்பிக் கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது; அந்த மாணவனும் நடிப்பை மறந்து சிரித்துவிட்டான். எந்தக் கையேட்டிலும் இல்லாத இந்த விடை அன்று மாலைக்குள் மற்றப் பிரிவுகளுக்கும் பரவிவிட்டது.

அளவுக்கு மீறிக் குடித்து மயங்கியவரைக் காப்பாற்றுவது பற்றிய வகுப்பு குறுகியது, ஆனால் குறையற்றது. எழுப்பினாலும் எழாதது, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே குறைவது, தோல் குளிர்ந்து நீலம் பாய்வது ஆகிய அறிகுறிகளையும், 'தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்' என்று தனியே விட்டுவிடக் கூடாது, குடிப்பதை நிறுத்திய பின்னும் இரத்தத்தில் ஆல்கஹாலின் அளவு ஏறிக்கொண்டிருக்கலாம் என்பதையும் விளக்கி, ஒருக்களித்துப் படுக்கவைக்கும் முறையைத் தரையில் செய்து காட்டினார்கள். உதவிக்கு அழைத்த மாணவன் தண்டிக்கப்பட மாட்டான் என்று பள்ளி முன்கூட்டியே எழுத்தில் உறுதி தர வேண்டும் என்ற நிபந்தனையும் திட்டத்தில் இருக்கிறது. அந்த உறுதி இல்லாத பள்ளியில் இந்த வகுப்பு எடுபடாது.

அச்சிட்ட பொருட்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கையேடு தெளிவாக இருக்கிறது, காணொளிகள் இழுவையாக இருக்கின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-இலேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதிசெய்யப்பட்ட முதல் பிரிவில் சேர்த்திருக்க, அதற்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அமைப்பின் அறிமுக ஏடு 'மதுவற்ற தலைமுறை' என்றெல்லாம் பேசுகிறது. சான்றுகள் அவ்வளவு உயரத்துக்குப் போவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு ஆஸ்திரேலியா, சிலி, நார்வே, சுவாசிலாந்து ஆகிய நான்கு நாடுகளில் நடந்து 1989-இல் வெளியான முன்னோட்ட ஆய்வில், ஆசிரியர் நடத்திய வகுப்புகளைவிட மாணவர் நடத்திய வகுப்புகள் மதுப் பயன்பாட்டைக் குறைப்பதில் மேலான பலன் தந்தன. பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2016-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, மாணவர் வழித் திட்டங்களில் பங்கேற்றோரிடையே மது அருந்துவதற்கான வாய்ப்பு விகிதம் சுமார் 20 விழுக்காடு குறைந்திருப்பதாகக் கணக்கிட்டது. ஆனால் அது சில ஆய்வுகளை மட்டுமே சார்ந்த கணக்கு. லாஸ் ஏஞ்சலிஸில் 1983-இல் தொடங்கிக் காவலர்களைக் கொண்டு நடத்தப்பட்ட புகழ்பெற்ற பள்ளித் திட்டத்தின் விளைவு மிகச் சிறியது என்று பின்னாளில் தொகுப்பாய்வுகள் காட்டியதை நினைத்தால், இந்த மிதமான பலனும் பெரிதுதான். அதை உள்ளபடியே சொல்லியிருந்தால் அறிமுக ஏட்டின் மீது மதிப்பு கூடியிருக்கும்.

இனிக் குறைகள். மூத்த மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அமைப்பு முழுமையாகப் பள்ளியிடமே விட்டுவிடுகிறது. பள்ளிகள் என்ன செய்யும் என்பது தெரிந்ததே: முதல் மதிப்பெண் வாங்குபவர், மாணவர் தலைவர், மேடையில் தடங்கலின்றிப் பேசுபவர் என்று பட்டியல் தயாராகிவிடும். அப்படி வந்தவர்களில் சிலர் வகுப்பில் சின்ன ஆசிரியர்களாகவே மாறினார்கள். விரலை நீட்டிப் பேசினார்கள், சிறியவர்களும் ஆசிரியருக்குச் சொல்லும் விடையையே அவர்களுக்கும் சொன்னார்கள். புகைபிடித்தலைத் தடுப்பதற்காக இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 59 பள்ளிகளில் நடந்து 2008-இல் முடிவு வெளியான ஆய்வில், செல்வாக்கு உள்ளவர் யார் என்று மாணவர்களிடமே கேட்டு அவர்கள் சொன்னவர்களுக்குத்தான் பயிற்சி தந்தார்கள். அந்த வழியை இந்தத் திட்டம் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று விளங்கவில்லை.

செல்வாக்கு உள்ளவர் எல்லோரும் பொருந்திவிடுவார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. வாலன்டே குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நண்பர் வலைப்பின்னலை ஒட்டி அமைத்த மாணவர் வழித் திட்டம் பொதுவாகப் போதைப்பொருள் பயன்பாட்டைக் குறைத்தபோதும், ஏற்கெனவே பயன்படுத்தும் நண்பர்கள் சூழ்ந்த மாணவர்களிடம் அதைக் கூட்டிவிட்டது. ஆகவே மாணவர் பரிந்துரையும் வேண்டும், அதன்பின் ஆலோசகர் ஒருவரின் நேர்காணலும் வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை கேள்விப் பெட்டியில் வெளிப்பட்டது. பெயரிடாமல் எதையும் எழுதிப் போடலாம் என்ற ஏற்பாடு நல்லது. பெரும்பாலும் வேடிக்கைக் கேள்விகளே வந்தன. ஒரு சீட்டில், "அப்பா தினமும் குடித்துவிட்டு அம்மாவை அடிக்கிறார், நான் என்ன செய்ய வேண்டும்?" என்று இருந்தது. அதைப் பிரித்துப் படித்தவளுக்கு வயது 16. அவள் தடுமாறாமல், இதை எழுதியவர் தனியாக இல்லை என்றும், ஆலோசகரிடம் வந்து பேசலாம் என்றும், பயிற்சியில் சொல்லித்தந்தபடியே சொன்னாள். ஆனால் ஆலோசகர் வாரத்தில் ஒரு நாள்தான் வருபவர். அந்த நாள் முந்தின தினமே கடந்துவிட்டிருந்தது. வகுப்பு முடிந்ததும் அந்தச் சீட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அவள் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். வன்முறை, தற்கொலை எண்ணம் போன்றவை தெரியவந்தால் எதை ரகசியமாக வைக்கலாம், எதை உடனே பெரியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதற்குக் கையேட்டில் அரைப் பக்கம் இருக்கிறது. யாரிடம், எத்தனை மணி நேரத்துக்குள் என்பது இல்லை. வகுப்பெடுத்து முடித்தவர்களோடு அமர்ந்து, என்ன கேட்டார்கள், எது உறுத்துகிறது என்று விசாரிக்கும் கூட்டமும் திட்டத்தில் இல்லை. குடிக்கும் குடும்பத்திலிருந்து வரும் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் இருப்பார்கள். வகுப்பெடுக்கும் மூத்த மாணவர்களிலும் அப்படிச் சிலர் இருக்கக்கூடும். வளர்ந்தவர்களே தயங்கும் சுமையை ஒரு சிறுமியின் கையில் கொடுத்துவிட்டு அதைத் தலைமைப் பண்பு என்று சான்றிதழில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இருந்தாலும் இந்தத் திட்டத்தை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எடுக்க விரும்பும் பள்ளிகள் ஒப்பந்தத்துக்கு முன்பே மூன்றை அமைப்பினரிடம் கேட்டுப் பெற வேண்டும்: மாணவர் பரிந்துரையின் வழியான தேர்வு, ஒவ்வொரு வகுப்புக்குப் பின்னும் மூத்த மாணவர்களோடு ஒரு பெரியவர் அமரும் அரை மணி நேரம், கேள்விப் பெட்டியைத் திறக்கும் நாளில் பள்ளியிலேயே இருக்கும் ஆலோசகர். மூன்றாவதற்கு வழியில்லாத பள்ளி, பெட்டிக்கான வகுப்பை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐந்து வகுப்புகளையும் நடத்திக்கொள்ளலாம். சீட்டுக் கணக்கும் கோப்பை அளவும் மட்டுமே அதற்கான நேரத்துக்கு ஈடாகும்.