மூன்று வருசக் கைசுற்று றேடியோவும் அரைத் தீக்குச்சியும்

கனடாவிலிருந்து சகலன் போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கைபிடி சுற்றுகிற அவசர றேடியோ. விலை பாதியாய் இறங்கியிருக்காம், முல்லைத்தீவில இருக்கிற தன்ர அம்மாவுக்கு ஒண்டு வாங்கட்டோ எண்டு கேள்வி. அதே சாதியில் ஒன்று என்னிடம் மூன்று வருசமாய் இருக்கிறது. அவர்தான் கொண்டுவந்து தந்தவர். கேள்வி வந்த அன்றுதான் அதைக் கிளிநொச்சியில் திருத்தி எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். அதனால் பதில் கொஞ்சம் சூடாய்த்தான் போனது.

சோலர், ரோச், போனுக்குச் சாச் ஏற்றுகிற துளை எல்லாம் படத்தைப் பார்த்தாலே தெரியும். சோலரை நம்ப வேண்டாம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். உள்ளே 2000 எம்.ஏ.எச். பற்றறி, மேலே இரண்டு தீப்பெட்டி அளவில் தகடு. எங்கட ஆவணி வெயிலிலேயே நாலைந்து நாள் காயப்போட வேண்டும். அதற்குள் பெட்டி கொதித்துவிடும், லிதியம் பற்றறிக்கு அது கூடாது.

என் கோபம் வேறு இடத்தில். பக்கவாட்டில் ஒரு சின்னத் தள்ளு சுவிச் இருக்கிறது. மேலே எஃப்.எம்., நடுவில் ஏ.எம்., அடியில் டபிள்யூ.பி. இந்தக் கடைசி, அமெரிக்காவும் கனடாவும் வானிலை அறிவிப்புக்கு வைத்திருக்கிற அலைவரிசை. 162.400 முதல் 162.550 மெகாஹேர்ட்ஸ் வரை ஏழு நிலையங்கள். அங்கே அது உயிர் காக்கிற சாமான், மறுக்கவில்லை. எங்கட ஊர் முரசுமோட்டையில் அது வெறும் இரைச்சல். நடுவில் நிறுத்த வேண்டிய சுவிச்சை இருட்டில் விரல் ஒரு நெல்மணி அளவு கூடத் தள்ளினால் போதும், அடிக்குப் போய்விடும். போனது தெரியவும் மாட்டாது. மழை நாளில் அந்த இரைச்சலும் தகரக் கூரையில் விழுகிற மழையும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்த இரவு கரண்ட் இல்லை. பிறகு போன் சிக்னலும் இல்லை. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது பட்டது மறக்காததால், இந்த முறை குளம் என்ன நிலை என்பதுதான் எல்லார் வாயிலும். நான் மாடுகளை மேட்டு ரோட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு முழங்கால் தண்ணியில் திரும்பி வருகிறேன். அம்மா கட்டிலில் காலை மடக்கி இருந்து றேடியோவைச் சுற்றிக்கொண்டிருக்கிறா. கால் மணித்தியாலமாய்ச் சுற்றினாவாம்.

"தம்பி, ஒருத்தரும் கதைக்கினம் இல்லை. கொழும்பும் போட்டுதோ?"

வாங்கிப் பார்த்தால் சுவிச் அடியில். நகத்தால் மேலே தள்ளினேன், உடனே தமிழ்க் குரல் வந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் பிசைந்து விட்டுக்கொண்டிருந்தா. அன்றைக்கு அந்தப் பெட்டியை வெள்ளத்தில் எறிந்திருப்பேன்.

எறியாததற்குக் காரணம் கைபிடி. 90களில் பற்றறி தடைசெய்த சாமானாய் இருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். செய்தி முடியுமட்டும் சுற்றுவது என் வேலை. கை சோர்ந்தால் குரல் தாழும், அப்பாவின் குரல் உயரும். சகலன் இதை "புதுக் கண்டுபிடிப்பு" என்று நீட்டியபோது அம்மா சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு நிமிசம் சுற்றினால் ஐந்தாறு நிமிசம் மெல்லக் கேட்கலாம். பற்றறி நிறைந்திருந்தாலும் அம்மா நாலு சுற்றுச் சுற்றிப்போட்டுத்தான் போடுவா.

மத்திய அலை, அதாவது ஏ.எம்., எடுக்கிற விதத்துக்கு நூற்றுக்கு நூறு போடுவேன். அறுவடைக்கு முந்தி பன்றிக்குக் காவல் இருக்கிற கொட்டிலில் திருச்சி வானொலி, 936 கிலோஹேர்ட்ஸ், தெளிவாய் வரும். ஏரியலை இழுத்து ஒரு பிரயோசனமும் இல்லை, அது எஃப்.எம்.முக்கு. ஏ.எம்.முக்குப் பெட்டியையே மெல்லத் திருப்ப வேண்டும், உள்ளே கிடக்கிற பெரைற் கம்பி திசை பார்க்கும். மடுத் திருவிழாவுக்குத் தறப்பாள் கட்டி நாலு நாள் கிடந்தபோது பக்கத்துத் தறப்பாள்காரரும் இதில்தான் செய்தி கேட்டார்கள். வீட்டில் மட்டும் சோலர் இன்வேட்டர் ஓடினால் வண்டு கத்துகிற மாதிரிச் சத்தம், தூர வைக்க வேண்டும். சிற்றலை இதில் இல்லை. அதில் வந்த பி.பி.சி.யின் லண்டன் தமிழோசை வானொலியில் 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது, எனக்கு நட்டமில்லை.

கடைசியில் கைபிடி சுற்றியும் பற்றறி ஏறவில்லை. கடைப் பெடியன் திறந்து பார்த்தான், உள்ளே டைனமோவிலிருந்து வருகிற மூன்று மெல்லிய வயரில் ஒன்று அறுந்திருந்தது. ஈயம் வைத்து ஒட்டி 600 ரூபா எடுத்தான். சுவிச் கதையையும் அவனிடம் சொன்னேன். தீக்குச்சி ஒன்றின் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்தில் அரை விரற்கடை நறுக்கி, சுவிச் ஓடுகிற பள்ளத்தின் அடியில் ஒரு சொட்டுப் பசையோடு இறுக்கினான். இனி சுவிச் ஏ.எம்.மோடு நிற்கும். "அண்ணை, இதுக்குக் காசு வேண்டாம்" என்றான். மூன்று வருசம் நான் பட்ட எரிச்சலுக்கு அரைத் தீக்குச்சி!

இவ்வளவு புகழ்ந்துவிட்டும் சகலனுக்கு வாங்க வேண்டாம் என்றுதான் எழுதினேன். அவர் அனுப்பின படம் இலக்கம் காட்டுகிற புது மொடல். என்னுடையது முள் ஓடுகிறது, எங்கேயும் நிறுத்தலாம். இங்கே மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, அங்கே 10. 9க்கு மாற்ற வழி இல்லாத செற் 930இல் நிற்கும், 940இல் நிற்கும், திருச்சியில் நிற்காது. உங்கட அம்மாவுக்கு இங்கேயே பென்ரோச் பற்றறி போடுகிற சாதாரண றேடியோ ஒன்றும் தலையில் கட்டுகிற ரோச்சும் நான் வாங்கிக் கொடுக்கிறன், நீங்கள் காசை அனுப்புங்கோ என்றேன். அதற்கு மேலும் வாங்குவதென்றால் பெட்டியில் 9/10 மாற்றுகிற வசதி போட்டிருக்கோ என்று பாருங்கோ என்றும் சொன்னேன்.

பின்னேரம் பதில் வந்தது. பெட்டியின் முன்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். 9/10 பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூலையில் மஞ்சள் எழுத்தில் பெரிதாய்: ஏழு வானிலை நிலையங்கள். கீழே சகலன் எழுதியிருந்தார், "இதில ஏழு இருக்கு. உங்கடையில எத்தினை?"