இரவில் மரத்துப்போகும் கை: பட்டையா, ஊசியா, அறுவையா?

நடுராத்திரியில் கை மரத்து, எழுந்து உட்கார்ந்து உதறினால்தான் உயிர் வருகிறது என்பவர்கள் பெரும்பாலும் கழுத்தெலும்புத் தேய்மானம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்று மரத்தால் மணிக்கட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்குள்ள குறுகலான பாதையில் 9 தசைநாண்களோடு மீடியன் நரம்பும் நெருக்கியடித்துப் போகிறது. இந்தப் பாதைதான் கார்ப்பல் டனல்; இங்கே நரம்பு அழுந்தும்போதுதான் விரல்கள் மரக்கின்றன. சுண்டுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு. சிக்கல் பெரும்பாலும் முழங்கையில் இருக்கும்.

ஆரம்ப நிலையில் என் ஓட்டு மணிக்கட்டில் கட்டும் பட்டைக்குத்தான். ஆனால் பகலெல்லாம் போட்டுக்கொண்டு தூங்கும்போது கழற்றி வைக்கிறார்கள், அது தலைகீழ். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கும்போதுதான் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. மணிக்கட்டை நேராக நிறுத்தும் தகடு வைத்த பட்டை வேண்டும், வெறும் எலாஸ்டிக் உறை போதாது. கர்ப்ப காலத்தில் வருவது பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தணிந்துவிடும் என்பதால் அவர்களுக்குப் பல நேரம் இதுவே போதும்.

மணிக்கட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி வேகமானது. பிரிட்டனில் 234 பேரிடம் நடந்து 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், 6 வாரத்தில் பட்டையைவிட ஊசி முந்தியது. 6 மாதத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. 2013இல் வெளியான சுவீடன் ஆய்வு இன்னும் வெளிப்படை: 80 மி.கி. ஊசி போட்டவர்களிலும் 73 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் அறுவைக்குப் போனார்கள். தூக்கமே இல்லாமல் தவிப்பவருக்கு ஊசி தருவது அவகாசம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும், மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அறுவையில் பாதையின் கூரையாக இருக்கும் தசைநாரை வெட்டி இடம் கொடுக்கிறார்கள். கையை மட்டும் மரக்கச் செய்தால் போதும், பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். 2002இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 18 மாதம் கழித்து, அறுவை செய்தவர்களில் 90 சதவீதமும் பட்டை போட்டவர்களில் 75 சதவீதமும் தேறியிருந்தார்கள். உள்ளங்கை அடிப்பகுதியில் வலி சில வாரம், சிலருக்குச் சில மாதம் நீடிக்கும். திறந்த முறையா, சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் எண்டோஸ்கோப்பியா என்று அதிகம் குழம்ப வேண்டாம். பின்னதில் வேலைக்குச் சற்றுச் சீக்கிரம் திரும்பலாம், நாளடைவில் பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனால் கட்டைவிரலடி மேடு வற்றத் தொடங்கியிருந்தாலோ, சட்டைப் பொத்தான் போடவே தடுமாறினாலோ, பட்டையில் மாதங்களைக் கழிக்காதீர்கள். வலி குறைந்து மரமரப்பு மட்டும் நாள் முழுக்க நின்றால் அதைக் குணமாவதாக எண்ணிவிடவும் வேண்டாம். வற்றிய தசை அறுவைக்குப் பிறகும் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.