மொட்டைமாடியில் மரிக்கொழுந்தா, ரோஸ் ஜெரேனியமா?

கோவை வடவள்ளியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணி டேங்குக்குக் கிழக்கே ஆறடி நீளத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. உச்சிவேளை வரை வெயில், அப்புறம் டேங்கின் நிழல். வாசனைத் தழைக்கு இதைவிட நல்ல இடம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் ஐந்து தொட்டிக்கு மேல் கொள்ளாது. நான்கு வருடமாக அந்த ஐந்து தொட்டிக்கு மரிக்கொழுந்தும், இலையில் ரோஜா வாசம் அடிக்கிற ரோஸ் ஜெரேனியமும் அடித்துக்கொண்டன. போன வருடம் ஒரு முடிவுக்கு வந்தேன்: நான்கு தொட்டி ஜெரேனியம், ஒன்று கற்பூரவள்ளி. மரிக்கொழுந்துக்கு இடமில்லை. எங்கள் அத்தைக்கு இதில் வருத்தம்தான். "தலைல வெக்கறதுக்கு ஆகாத தழைய வெச்சுட்டு என்ன அம்மிணி பண்றது?" என்று இன்னமும் கேட்கிறார்.

துளசி, எலுமிச்சைப்புல், திருநீற்றுப்பச்சிலை எல்லாம் இந்தப் போட்டியிலேயே இல்லை. எலுமிச்சைப்புல்லுக்குத் தொட்டியே பத்தாது, ஒரு மூலையில் மண்ணில் நட்டுவிட்டு மறந்துவிடலாம். கற்பூரவள்ளியை ஒடித்துக் குத்தினால் முளைக்கிறது. அதை வளர்க்க ஆலோசனை எதற்கு? பஜ்ஜிக்கும் சளிக்கும் ஒரு தொட்டி போதும்.

ஜெரேனியம் வாங்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒரு எச்சரிக்கை. ஊட்டி தாவரவியல் பூங்காவின் கண்ணாடி மாளிகையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கிறதே, அது வேறு. அது பூவுக்காக வளர்ப்பது. நமக்கு வேண்டியது இலைக்காக வளர்ப்பது. இலை ஆழமாகக் கிழிந்து, சாம்பல் பூத்த பச்சையாக, தொட்டால் பூனைக்குட்டியின் காதுபோல மெத்தென்று இருக்கும். அந்த மெல்லிய ரோமங்களின் நுனியில்தான் எண்ணெய் இருக்கிறது. செடியைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் வாசம் வராது, விரலால் உரசணும். அதனால் நர்சரியில் உரசி முகர்ந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். செடியின் சரியான பெயர் பெலார்கோனியம், பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல் இதையும் ஜெரேனியக் கூட்டத்திலேயே சேர்த்து வைத்தார், 1789-ல் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். பழைய பெயர் மட்டும் போகவில்லை. ரோஜா மணப்பதற்குக் காரணமான ஜெரேனியால், சிட்ரோனெல்லால் இரண்டும் இந்த இலையிலும் இருக்கின்றன. ரோஜா எண்ணெய்க்கு மலிவான மாற்றாக இதன் எண்ணெயை வாசனைத் திரவியக்காரர்கள் பயன்படுத்துவது அதனால்தான். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் எண்ணெய்க்காகவே பயிரிட்டிருக்கிறார்கள்.

இதன் நெருங்கிய சொந்தம் ஒன்றை, எலுமிச்சை வாசம் அடிப்பதை, "கொசுச் செடி" என்று விற்கிறார்கள். நம்பி வாங்க வேண்டாம். இலையைக் கசக்கினால் வாசம் வருமே தவிர, தொட்டியில் நிற்கிற செடி கொசுவை விரட்டாது. என் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் வாங்காத கடியா?

வாசத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் மரிக்கொழுந்து இளைத்ததில்லை. கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் பழவாசம், அடியில் ஈரமண் மாதிரி ஏதோ ஒன்று. கனகாம்பரத்தோடும் மல்லியோடும் சேர்த்துக் கதம்பமாகக் கட்டினால் மல்லியின் இனிப்பு திகட்டாமல் பார்த்துக்கொள்ளும். வாடினால் வாசம் கூடுமே தவிரக் குறையாது. பீரோவில் நெகமம் சேலை மடிப்புக்குள் ஒரு கொத்து வைத்தேன், ஆறு மாதம் கழித்து எடுத்தபோதும் சேலையில் வாசம் இருந்தது. அதே இடத்தில் ஜெரேனியம் இலையை வைத்தபோது இரண்டு மாதத்தில் சருகாகி, சேலையில் தூள்தான் மிஞ்சியது. இந்த ஒரு விஷயத்தில் அத்தை சொல்வது நியாயம்.

ஆனால் என் கணக்கு வேறு. செடி வருடத்தில் எத்தனை மாதம் தொட்டியில் இருக்கிறது, அடுத்த வருடத்துக்கு அதை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் கேள்வி.

மரிக்கொழுந்து ஒரு பருவச் செடி. கார்த்திகையில் விதைத்தால் நாலு மாதத்தில் மொட்டு வரும். அப்போது அறுத்தால்தான் வாசம். அறுத்த பிறகு வெட்டிய காம்பு கொஞ்சம் துளிர்க்கும், பங்குனி வெயில் அதை முடித்துவிடும். அதற்குப் பிறகு அடுத்த கார்த்திகை வரை தொட்டி வெறும் மண். ஐந்து தொட்டி வைத்திருக்கிற வீட்டில் எட்டு மாதம் காலித் தொட்டிக்குக் கட்டுமா? சரி, விதையாவது கையில் நிற்குமா என்றால் அதுவும் இல்லை. தூசியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மணலில் கலந்து தூவணும், மேலே மண் போட்டு மூடக் கூடாது, பூவாளியில் ஊற்றினால் ஒரு மூலைக்குப் போய் ஒதுங்கிவிடும். கையால் தெளிக்கணும். முதல் வருடம் நன்றாக வந்தது. அதே பொட்டலத்தில் மிச்சம் இருந்த விதையை அடுத்த வருடம் போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. மூன்றாம் வருடம் புது விதை. முளைத்த நாற்று ஒரு அங்குலம் வந்ததும் கழுத்து அழுகிச் சாய்ந்தது, மிச்சத்தை எறும்பு பார்த்துக்கொண்டது. தோட்டத்தில் ஒரு பாத்தி ஒதுக்கக்கூடியவர்களுக்கு இதெல்லாம் பெரிதே இல்லை. மாடித்தோட்டக்காரிக்குப் பெரிது.

ஜெரேனியமும் என்னைச் சும்மா விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் செடியைக் கோத்தகிரி போய்விட்டு இறங்கும்போது ரோட்டோர நர்சரியில் 60 ரூபாய்க்கு வாங்கினேன். பொள்ளாச்சி பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் ஊரில் மாடித்தோட்டம் என்றாலே தேங்காய் நார்க்கழிவுதான், தாராளமாகப் போட்டேன். ஐப்பசியில் நாலு நாள் அடைமழை. ஐந்தாம் நாள் பார்த்தால் மண்ணை ஒட்டிய தண்டு கறுத்திருந்தது, விரலால் அழுத்தினால் கனிந்த வாழைப்பழம் மாதிரி அமுங்கியது. வேடிக்கை என்னவென்றால், மேலே இலை பச்சையாகவே இருந்தது. கிள்ளி முகர்ந்தால் வாசம்கூட வந்தது. இலை மஞ்சளாகி நமக்குச் சேதி வருவதற்குள் கீழே எல்லாம் முடிந்திருக்கும்.

இரண்டாவது செடியைக் கொன்றது சித்திரை வெயில் என்று வெளியே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் கொன்றது நான்தான். உச்சிவேளையில் இலை தொங்கும். தாகம் என்று நினைத்துத் தண்ணி ஊற்றினேன். வெயில் தாழ்ந்தால் தானாகவே நிமிர்ந்துகொள்ளும், அது வரைக்கும் பொறுத்திருக்கணும். நிமிராவிட்டால் மட்டும்தான் தண்ணி.

மூன்றாவது செடியில்தான் வழி பிடிபட்டது, அதுவும் தற்செயலாக. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றைப் பற்றி வடவள்ளிக்காரர்களிடம் கேட்கவே வேண்டாம். ஜெரேனியத்தின் பழைய தண்டு மரக்குச்சி மாதிரி, லேசில் ஒடியும். ஒருநாள் காலையில் மாடிக்குப் போனால் பாதிச் செடி கீழே கிடந்தது. எறிய மனசில்லாமல் துண்டு துண்டாக வெட்டி மணலில் குத்தி வைத்தேன். மூன்று வாரத்தில் பாதிக்கு மேல் வேர் பிடித்துவிட்டது. வெயிலும் இல்லாமல் பெருமழையும் இல்லாமல் சாரலும் காற்றுமாக இருக்கிற அந்த ஒன்றரை மாதம் இதற்கு எங்கள் ஊரிலேயே கோத்தகிரிபோல. ஐப்பசி மழையில் அம்மாச்செடி போனது. சன்ஷேடுக்கு அடியில் இருந்த குட்டிகள் நின்றன. அப்போதிருந்து ஆடிப்பட்டத்தில் ஊரே விதைக்கும்போது நான் ஜெரேனியத்தை வெட்டுகிறேன்.

வெட்டும் முறை: நாலு அங்குல நுனித் துண்டு, கணுவுக்குச் சற்றுக் கீழே. அடி இலைகளைக் கிள்ளிவிட்டு அரைநாள் நிழலில் போட்டு வையுங்கள், வெட்டுவாய் காயணும். காயாமல் நட்டால் அழுகும். மணலில் இரண்டு அங்குலம் குத்தி, நட்ட அன்று ஒரு தடவை தண்ணி, பிறகு மேல்மண் வெளுத்தால் மட்டும். ரோஜாக் குச்சிக்குச் செய்கிற மாதிரி பாலித்தீன் பை போட்டு மூடாதீர்கள். இது மூச்சு முட்டினால் போய்விடும். வேர் பிடித்த பிறகு செம்மண், மணல், மக்கிய சாணம் மூன்றும் சம அளவு. நார்க்கழிவு ஒரு கைப்பிடி, அதற்கு மேல் வேண்டாம். க்ரோபேக்கைவிட மண்தொட்டி நல்லது, பக்கவாட்டிலும் ஈரம் காயும். எருவை அள்ளிக் கொட்டினால் இலை தட்டு மாதிரி பெருக்கும், வாசம் இறங்கிவிடும்.

என் அனுபவம் இவ்வளவுதான் என்பதால் சில விஷயங்களில் அடக்கி வாசிக்கிறேன். பெருந்துறையில் தங்கச்சி வீட்டுக்கு இரண்டு செடி கொடுத்தேன். மாடியில் வைத்தது சித்திரையைத் தாண்டவில்லை, சமையலறை ஜன்னலில் வைத்தது தாண்டியது. ஒரே ஒரு கோடையை வைத்து ஈரோட்டுக்காரர்களுக்குத் தீர்ப்புச் சொல்வது சரியில்லை. சிறுவாணித் தண்ணி வராத நாட்களில் போர் தண்ணி ஊற்றினேன், தொட்டி விளிம்பில் உப்புப் படிந்தது, இலை ஓரமும் கருகியது. உப்பா வெயிலா என்று பிரித்துப் பார்க்க எனக்கு வழியில்லை. பூவும் இதுவரை என் வீட்டில் பூத்ததில்லை. இன்னொன்று, வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள். கடித்துத் தின்றால் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.

அப்புறம், காசுக் கணக்கு. மரிக்கொழுந்து வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை பூக்காரம்மாவிடம் பத்து ரூபாய் கொடுத்தால் ஒரு பிடி கிடைக்கிறது, நான் வளர்த்ததைவிட வாசமாகவே. ஜெரேனியம் இலையை எந்தக் கடையில் கேட்பது? மாடியில் இருந்தால்தான் உண்டு. விலைக்குக் கிடைக்கிறதற்கு எதற்காக அந்த ஆறடியைக் கொடுக்கணும்?

வளர்த்து என்ன செய்கிறேன் என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. சாயங்காலம் துணி எடுக்கப் போகும்போது ஒரு தடவை கை உரசிவிட்டு வருவேன், சோறு பிசைகிற வரைக்கும் விரலில் ரோஜா இருக்கும். டீயில் ஓர் இலை. முக்கியமானது சர்க்கரை டப்பா: கழுவி ஈரம் போகத் துடைத்த நாலைந்து இலையைச் சர்க்கரைக்கு நடுவில் அடுக்கி ஒரு வாரம் மூடி வைத்தால் போதும். இலையில் ஈரம் இருந்தால் சர்க்கரை கட்டிதட்டிவிடும். பிறகு இலையை எடுத்து எறிந்துவிடலாம், தின்பதற்கு அது ரோமமாக இருக்கும்.

அந்தச் சர்க்கரையில் பொங்கலுக்குப் பால் பாயசம் வைத்தேன். அத்தை ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "ரோஸ் எசென்ஸ் கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்ட அம்மிணி" என்றார். எசென்ஸ் இல்லீங்கத்தை, தலையில் வைக்க ஆகாத தழை என்று டப்பாவைத் திறந்து காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஆடியில் ஏழு துண்டு வைத்தேன், ஐந்து பிடித்தது. அதில் ஒன்றை ஊருக்குப் போகும்போது அவரே கட்டைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டார்.