பெருமாள்புரம் பக்கம் சொதி ஆர்டர் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பாளையங்கோட்டையில் பெருமாள்புரம், தியாகராஜ நகர், மகாராஜ நகர் பக்கம் இருப்பவர்கள் வீட்டு விசேஷத்துக்கு வெளியில் சாப்பாடு சொல்வதாக இருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். நல்ல பெயர் எடுத்த பழைய கடை ஒன்று கைமாறிவிட்டது. பலகை மாறவில்லை. அந்தப் பெயருக்காக நாற்பது பேருக்குச் சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) சாப்பாடு சொன்னோம். வந்தது கெட்டுப்போன சொதி. பணமும் திரும்பவில்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. தவிர, இப்படிக் கைமாறிய கடை இந்த வட்டாரத்தில் அது ஒன்று மட்டும் இல்லை.

இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். வீட்டு முன்வராந்தாவை இடித்து ஷட்டர் போட்டு வாடகைக்கு விடுவது இப்போது எல்லாத் தெருவிலும் நடக்கிறது. இட்லிக்கடை இருந்த இடத்தில் ஜூஸ் கடை, அது போய் மந்தி பிரியாணி, அதுவும் போய் இப்போது நியான் எழுத்து எரியும் கஃபே. ஊருக்குப் போய்விட்டு வந்தால் நம் தெரு முனையே நமக்கு அடையாளம் தெரிவதில்லை. புதுக் கடைகள் எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இரண்டு பையன்கள் மோமோவும் ஷவர்மாவும் போடுகிறார்கள். அடுப்படி முழுக்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிகிறது. 2025 ஏப்ரலில் அரசு பச்சை முட்டை மயோனைசுக்கு ஓராண்டுத் தடை போட்டபோது, "அக்கா, இது முட்டை போடாதது" என்று நான் கேட்காமலே டப்பாவைத் தூக்கிக் காட்டினான் ஒருவன். அந்த மாதிரிக் கடையைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் பேச்சு பழைய பெயருக்குள் புகுந்துகொண்டு வியாபாரம் செய்கிறவர்களைப் பற்றியது.

இந்தக் கடையை முன்பு ஒரு அண்ணாச்சியும் அவர் வீட்டுக்காரியும் நடத்தினார்கள். சாயங்காலம் இடியாப்பம், ஆப்பம். ஞாயிறு மத்தியானம் மட்டும் சொதி. தேங்காயை அன்றன்றைக்குத்தான் துருவுவார்கள். பதினொரு மணிக்குத் தூக்குவாளியோடு போனால் கிடைக்கும், ஒரு மணிக்குப் போனால், "முடிஞ்சிட்டும்மா, அடுத்த வாரம் வா" என்பார். உடம்புக்கு முடியாமல் அவர்கள் மகன் வீட்டோடு போய்விட்டார்கள். கடையை வாங்கியவர்கள் பெயரையும் சேர்த்து வாங்கிவிட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உள்ளே ஏசி, சுவரில் செயற்கைப் புல், வாஃபிள், கோல்ட் காபி. பட்டியலின் கடைசியில் 'பாரம்பரிய நெல்லைச் சொதி காம்போ' 180 ரூபாய். இணைய வரைபடத்தில் பார்த்தால் நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. அத்தனையும் அண்ணாச்சி காலத்துப் பாராட்டு. கடை கைமாறினாலும் அந்தப் பக்கம் அப்படியே தொடரும். 'புதியவை முதலில்' என்று மாற்றிப் போட்டுப் பார்த்தால்தான் சமீபத்தில் சாப்பிட்டவர்கள் என்ன திட்டியிருக்கிறார்கள் என்பது மேலே வரும்.

அக்கா மகள் கல்யாணம் முடிந்து மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டில் சாப்பாடு. நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குச் சொதி போடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கல்யாண அலைச்சலில் வீட்டில் யாருக்கும் நாற்பது பேருக்குத் தேங்காய்ப்பால் பிழியத் தெம்பில்லை. சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ், சாதம், பாயசம். ஒரு ஆளுக்கு 180 வீதம் 7,200 ரூபாய். 4,000 அட்வான்ஸ். க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்தபோது கடைப் பெயர் வரவில்லை, முன்பின் தெரியாத ஒரு ஆளின் பெயர் வந்தது. கேட்டதற்கு, "ஓனர் அக்கவுண்ட்தான் மேடம்" என்றார் மேனேஜர். ரசீது கேட்டதற்கு, கிழித்த தாளில் தொகையை எழுதிக் கொடுத்தார்.

பதினொன்றரைக்கு வருவதாகப் பேச்சு. ஒன்றேகாலுக்கு ஆட்டோ வந்தது. சொதியைப் பெரிய பாத்திரத்தில் கொண்டுவருவதாகச் சொன்னவர்கள், ஒவ்வொரு ஆளுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டு, அதை ஒரு அட்டைப்பெட்டிக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் தாளும் கைப்பையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதலே தடை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். பை ஒவ்வொன்றும் காற்றடைத்த மாதிரி உப்பியிருந்தது. ரப்பர் பேண்டைக் கழற்றியதும் வந்த வாடையிலேயே அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு சட்டியில் ஊற்றிப் பார்த்தோம். மேலே தெளிந்த தண்ணீர், நடுவில் திரிதிரியாய்த் தேங்காய்ப்பால், அடியில் பசை மாதிரி ஒன்று. கரண்டியில் அள்ளி ஊற்றினால் நூல் விட்டது. அடியில் கிடந்ததை அத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "பாசிப்பருப்பே போடலட்டி. சோள மாவைக் கரைச்சு விட்டிருக்கான்" என்றாள்.

சொதி செய்கிறவர்களுக்கு இது புரியும். பருப்பையும் காய்களையும் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேகவிட்டு, முதல் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும். இறக்கிய பிறகுதான் எலுமிச்சை. பால் தண்ணீராக இருந்தால் கெட்டியாகக் காட்டச் சோள மாவு வேண்டும். முதல் பாலும் அதிகம் கொதிக்காமல், பருப்பும் காயும் தேங்காயுமாய்ச் சேர்ந்த பண்டம் நம்மூர் வெயிலில் அதிக நேரம் தாங்காது. அதைச் சுடச்சுடக் காற்றுப் புகாத பையில் கட்டி, அடுக்கி வைத்தால் ஆறவும் செய்யாது, சூடாகவும் இருக்காது. 60 டிகிரிக்குக் கீழே, 5 டிகிரிக்கு மேலே கிடக்கிற நேரம் முழுக்கக் கிருமி வளர்கிற நேரம்தான். எப்போது சமைத்தார்கள் என்று ஆட்டோவில் வந்த பையனிடம் கேட்டேன். "ராத்திரியே ரெடி பண்ணிட்டோம்க்கா" என்றான் பாவம், மறைக்கத் தெரியாமல்.

இஞ்சிப் பச்சடி என்று வந்தது பாட்டில் ஊறுகாயில் வெல்லம் கரைத்தது. சிப்ஸ் பாக்கெட் சிப்ஸ். எண்ணிப் பார்த்தால் நாற்பதுக்கு முப்பத்தாறுதான் இருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "சொதி வாசம் வரலியே" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பக்கத்து வீட்டு மதினி அவர்கள் வீட்டில் வைத்திருந்த சாம்பாரைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தாள். அத்தை ரசம் வைத்தாள். அப்பளம், தயிர், கல்யாண வீட்டில் மிஞ்சியிருந்த அல்வா. பந்தி எப்படியோ முடிந்தது. வந்தவர்கள் நல்ல மனிதர்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்காதான் அன்றைக்கு முழுக்கப் பேசாமல் இருந்தாள்.

சாயங்காலம் ஒரு பையைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மேனேஜர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மேடம், சொதிக்கு எலுமிச்சம்பழம் பிழிவோம்லா, அந்தப் புளிப்பு. கெட்டதுல்லாம் இல்ல." அப்படியானால் ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று கரண்டியை நீட்டினேன். சாப்பிடவில்லை. அப்புறம் பேச்சு மாறியது. வெயில் காரணமாம், நாங்கள் உடனே சாப்பிட்டிருக்க வேண்டுமாம். கடைசியில், "அடுத்த ஆர்டர்ல கழிச்சுக்கிடலாம்" என்றார். அடுத்த ஆர்டராம்!

முறையான பில் கேட்டேன். அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டுக் கொடுத்தார்கள். 7,200-உடன் பார்சல் கட்டணம் 400, அதன்மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி 380, ஆக 7,980. பாக்கி 3,980 நான்தான் தர வேண்டும் என்று என்னிடமே கேட்டார்கள். பார்சல் கட்டணம் பற்றி ஆர்டர் எடுக்கும்போது மூச்சு விடவில்லை. ஜிஎஸ்டி போட்ட பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33 என்று தொடங்கும், எண்ணும் எழுத்தும் கலந்த 15 இட எண். அது இல்லாமல் வரி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்கும் வாடிக்கையாளரிடம் தனியாக ஜிஎஸ்டி வாங்க அனுமதி கிடையாது. பாக்கியைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு பில்லை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த பில்லில்தான் முக்கியமான விஷயம் இருந்தது. உணவுக் கடை பில்லில் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் அச்சிட வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம். 14 இலக்கம். இதில் இருந்தது 22417 என்று தொடங்கியது. முதல் இலக்கம் 2 என்றால் சிறு கடைகளுக்கான பதிவு, 1 என்றால் உரிமம். அடுத்த 24 தமிழ்நாடு. அதற்கடுத்த 17 என்பது 2017. போன வருஷம் கடையை எடுத்தவர்களுக்கு 2017-இல் எப்படிப் பதிவு? அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் அண்ணாச்சியின் பெயர் வருகிறது. உரிமையாளர் இறந்தால் வாரிசுக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. கடையை விற்கும்போது மேஜை நாற்காலியோடு சேர்த்துப் பதிவையும் விற்க வழியில்லை. ஆக, இவர்கள் சமைப்பது யார் பொறுப்பில் என்றே ஒரு காகிதமும் இல்லை. அண்ணாச்சியிடம் போனில் பேசினேன். அவருக்கு இது எதுவும் தெரியாது. "எம் பேரைக் கெடுக்கானுவளே" என்று அழாத குறை.

புகார் கொடுக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சங்கடமும் இருக்கிறது. நாமே உணவைச் சோதனைக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு. பாளையங்கோட்டையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடமும் இருக்கிறது. ஆனால் வாங்கும்போதே, "இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். மாப்பிள்ளைச் சொதி சொல்லும்போது யார் அப்படிச் சொல்வார்கள்? அதனால் நடைமுறையில் உதவுவது உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் புகார்தான். எண் 94440 42322. உப்பிய பை, நூல் விட்ட சொதியின் வீடியோ, பில், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் அனுப்பினேன். அதிகாரிகள் கடைக்கு வந்துபோனார்கள். பதிவு இல்லாமல் நடத்தியதற்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள்.

பணத்துக்கு அது வழியில்லை, அதற்கு நுகர்வோர் பக்கம்தான் போக வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்தேன். கடைக்காரர்கள் பதில் சொல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். 4,000 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

இனி ஆர்டர் கொடுக்கிறவர்கள் கடைக்குள் போனதும் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பாருங்கள். அதில் இருக்கும் பெயரும், பணம் அனுப்பும்போது போனில் வரும் பெயரும் வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பார்சல் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையையும் வர வேண்டிய நேரத்தையும் அச்சிட்ட பில்லில் வாங்குங்கள், தாள் கிழித்துக் கொடுத்தால் வேண்டாம். சொதி என்றால் அன்றைக்குக் காலையில் சமைக்கிறார்களா, பாத்திரத்தில் தருகிறார்களா என்று கேட்டு முடிவு செய்யுங்கள். முந்தின நாள் ஒரு ஆள் சாப்பாடு மட்டும் வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். 180 ரூபாய் போனாலும் பரவாயில்லை.

நோட்டீசுக்குப் பிறகு அந்தக் கடையில் பழைய பலகையை இறக்கிவிட்டார்கள். இப்போது புதுப் பெயர், புதுச் சாயம், அதே மேனேஜர். விசேஷ ஆர்டர் எடுப்பதாகத் தெருவெல்லாம் விளம்பரத் துண்டுத்தாள் கொடுக்கிறார்கள், எங்கள் வீட்டுக் கேட்டிலும் ஒன்றைச் செருகியிருந்தார்கள். அதில் அச்சிட்டிருந்த க்யூஆரை ஸ்கேன் செய்து பார்த்தேன், அதே ஆளின் பெயர்தான் வருகிறது. நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு உறவுக்காரர்கள் வரும் நேரம் என்று இந்தப் பக்கத்தில் இரண்டு மூன்று வீடுகளில் ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர்கள் யாராவது இதை வாசித்தால் என்னிடம் கேளுங்கள், பில்லையும் வீடியோவையும் காட்டுகிறேன்.