ஆவணி வெயிலுக்கும் அசையாத நீலோற்பலம்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரப் பூங்கன்றுக் கடை ஒன்றில் வாங்கிய நீலோற்பலம் அருமையாக வந்திருக்கிறது. கச்சான் காற்றில் செவ்வரத்தை மொட்டெல்லாம் வாடி உதிர்கிற ஆவணியிலும், இது காலையில் விரிந்து பின்னேரம் கூம்புகிறது. நம் தேசிய மலராயிற்றே! கடைக்காரர் கிழங்கைக் களிமண்ணில் புதைத்து, முளை மட்டும் வெளியே தெரிய மேலே குறுமணல் பரப்பித் தந்தார். புதுச் சீமெந்துத் தொட்டி என்றால் சுண்ணாம்பு போகும்வரை தண்ணீரை மாற்றுங்கள், நுளம்புக்குக் கப்பி மீன் விடுங்கள் என்று பொறுமையாகச் சொல்லியும் கொடுத்தார். தாமரைக் கன்றுதான் சரியில்லை, வேர் அழுகல், விலையும் அதிகம். அப்புறம், ஆகாயத்தாமரையை “சும்மா கொண்டுபோங்கோ” என்று நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள். மாரி வெள்ளத்தோடு குளத்துக்குள் போனால் தண்ணீரே தெரியாமல் மூடிவிடும்.